தை மாதத்தில் விட்ட சவடால்

காலையில் இந்த சோலார் பயிற்சி வகுப்பின் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், மே மாசம் நமக்கு செம சீசன் இல்ல? வெயிலு பிச்சிக்கினு அடிக்குமே!" அவர் யார் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது வரிசையில் யார் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார் என்று பார்த்தால் உங்களுக்கே தெரியும். குனியாதீர்கள் தம்பி. நீங்கள் அதைக் கேள்வியாகக் கேட்டீர்கள். நான் அதை ஊர் கூடி நின்ற இடத்தில் வாக்குறுதியாகவே கொடுத்தவன். அந்த வாக்குறுதியை நம்பி ஒரு பெண்மணி ஒரு ஏக்கர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டார்.

விழுப்புரத்தில் இருபது வருடம் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு திண்டிவனத்தில் சோலார் பம்ப் மாட்டுகிற கம்பெனியில் சூப்பர்வைசர். இப்போது முட்டி வலியோடு ஓய்வு. பேனலை எப்படி மாட்டுவது என்பதை மத்தியானம் வேறொருவர் படம் போட்டுக் காட்டுவார். தப்பை எப்படிச் செய்வது என்பதுதான் என் பாடம். அதில் எனக்குச் சரக்கு அதிகம்.

அந்தப் பெண்மணி அஞ்சலை அம்மா. அவர் நிலம் கிளியனூர்ப் பக்கம். பாண்டி பஸ் போகிற ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம், அதை ஒட்டி ஒரு ஏக்கர் தரிசு. அந்தத் தரிசு அவருக்கும் அவருடைய கொழுந்தனார் செல்வராசுவுக்கும் பொது. செல்வராசு அதில் சவுக்கு வைக்கத் துடித்துக்கொண்டிருந்தார். சவுக்கு வைத்துவிட்டால் நாலைந்து வருடத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். அஞ்சலை அம்மாவுக்கோ அதில் மல்லாட்டை போட வேண்டும். சவுக்கு ஒருமுறை வேர் விட்டால் அந்த நிலம் தன் கைக்குத் திரும்பாது என்று அவர் பயந்தார். பயத்தில் நியாயம் இருந்தது.

அவர் கிணற்றுக்கு சோலார் பம்ப், பேனல் எல்லாம் நாங்கள் மார்கழியிலேயே மாட்டி முடித்துவிட்டோம். ஆனால் சுவிட்சைத் தொடக் கூடாது என்று அஞ்சலை அம்மா உத்தரவு போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் புது மோட்டார் மார்கழியில் ஓடாது. தை பிறக்க வேண்டும், நல்ல நாள் பார்க்க வேண்டும், பூஜை போட வேண்டும். சரி என்று காத்திருந்தோம்.

பூஜை நாள் காலை ஒன்பது மணி. பனி விலகி வெயில் பளிச்சென்று வந்திருந்தது, கூடவே சிலுசிலுவென்று காற்று. மோட்டார் கொட்டகைக்குள், பேனல் கரண்டை வாங்கி மோட்டாரை ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டிக்கு மாலை. பேனலோடு வந்த கையேட்டைக்கூட விடவில்லை. அதற்கும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டார்கள். அதை நானும் அன்றுவரை திறந்து பார்த்ததில்லை. கம்பெனியில் அது பற்றி ஒரு வகுப்பு நடந்தது உண்மை. சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. தூங்கிவிட்டேன்.

சுவிட்சைப் போட்டதும் குழாய் வாயில் கட்டியிருந்த பூச்சரத்தைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. கூட்டம் கைதட்டியது. எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். துண்டு தோளில் விழுந்ததும் வாய் திறந்துகொண்டது.

"தை மாசத்து வெயிலுக்கே இந்தப் போடு போடுதுன்னா, கத்திரி வெயில்ல பாருங்க! மூணு ஏக்கர் இன்னா, முப்பது ஏக்கர் பாயும்!"

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

அஞ்சலை அம்மா அந்த நிமிடமே கொழுந்தனார் பக்கம் திரும்பினார். "கேட்டியா தம்பி? சாரே சொல்லிட்டாரு. தரிசுல நான் மல்லாட்ட போடப் போறேன்."

செல்வராசு குனிந்து தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். "சரிங்க அண்ணி. ஒரு போகம் போட்டுப் பாருங்க. காய் பிடிச்சா நெலம் உங்க கையில. பொக்கா போச்சுன்னா, மழைக்கு நான் சவுக்கு நட்டுடுவேன். அப்புறம் பேச்சு கெடையாது."

பொக்கு என்றால் தெரியாத பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மேலே ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது.

இதோடு நிறுத்தினேனா? கிளம்பும்போது இலவசமாக ஆலோசனை வேறு கொடுத்தேன். "காலங்காத்தால மோட்டாரப் போட்டு வீணடிக்காதீங்க. வெயில் ஏறட்டும். பதினோரு மணிக்கு மேல போட்டீங்கன்னா பிச்சிக்கும்." இன்னொரு பெருமையும் இருந்தது. பேனலுக்குத் தனியாக ஸ்டாண்டு போட்டு நிலத்தை அடைக்காமல், மோட்டார் கொட்டகையின் தகரக் கூரைமேலேயே ஒட்டினாற்போலப் படுக்க வைத்து மாட்டியிருந்தேன். நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. அவ்வளவு கச்சிதம் என்று நானே நாலு பக்கமும் சுற்றி வந்து ரசித்தேன்.

மாசியில் விதைத்தார்கள். செடி நன்றாக வந்தது. சித்திரை பாதி தாண்டி, காய் பால் பிடிக்கிற நேரம். மல்லாட்டைக்கு அப்போது தண்ணீர் தவறக் கூடாது. தவறினால் செடி பச்சையாகவே இருக்கும், காய் ஏமாற்றிவிடும். சரியாக அந்த வாரம் கத்திரி பிறந்தது. எனக்குப் போன் வந்தது.

"சார், தண்ணி கொறையுது சார்."

"பேனல்ல தூசி இருக்கும்மா. தொடைச்சு விடுங்க."

அடுத்த நாள்: "தொடச்சிட்டேன் சார். அப்படியேதான் இருக்குது."

"காக்கா எச்சம் எங்கயாவது காஞ்சு கெடக்கும். நல்லாப் பாருங்க."

மூன்றாம் நாள்: "காக்காயும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப கிணத்துல தண்ணி எறங்கியிருக்கும்."

"கெணத்துல எட்டுப் படி முங்குற அளவுக்குத் தண்ணி அப்படியே கெடக்குது சார். எண்ணிட்டுத்தான் உங்ககிட்டப் பேசுறேன்."

நாலாம் நாள், "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். திண்டிவனம் ஆபீசிலிருந்து கிளியனூர் ஒன்றும் காசி ராமேசுவரம் இல்லை. பைக்கை எடுத்தால் ஒரு டீ ஆறுவதற்குள் போய்விடலாம். போகாததற்குக் காரணம் வேலை இல்லை. எனக்குக் காரணம் தெரியவில்லை, அவ்வளவுதான். போய் நின்று திருதிருவென்று முழிக்க வெட்கமாக இருந்தது. தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் தூசி, காக்கா, கிணறு என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன்.

ஐந்தாம் நாள் போனேன். மத்தியானம் ஒரு மணி. தகரக் கொட்டகையைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. தை மாதம் கைதட்டிய அதே முகங்கள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதற்கே விருப்பம் இல்லாத மாதிரி. செல்வராசு வரப்பில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அவர் வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஏணி வைத்து ஏறி, பேனலின் அலுமினிய விளிம்பில் கையை ஊன்றினேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டதுபோல் கையை உதறிக்கொண்டு கத்தினேன். கீழே இரண்டு பேர் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் அஞ்சலை அம்மா இன்னொரு ஏணியில் ஒரு குடம் தண்ணீரோடு பாதி தூரம் ஏறிவிட்டார்.

"பாவம், கொதிக்குது சார். கொஞ்சம் ஊத்திக் குளுர வெக்கட்டுமா?"

"ஐயோ! ஊத்தாதீங்கம்மா! கண்ணாடி பொளந்துக்கும்!"

நான் போட்ட சத்தத்தில் அவர் குடத்தை அப்படியே இடுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார். கொதிக்கிற கண்ணாடியில் சில்லென்று தண்ணீர் பட்டால் விரிசல் விடும். அதுவரை அந்தக் கொல்லையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்தக் கத்தல்தான்.

இறங்கி வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கம்பெனிக்கு எழுதிப் போடுறேன், ஆள் வந்து பார்ப்பாங்க" என்று ஆரம்பித்தேன். எழுதிப் போடுகிறேன் என்பது நம் தொழிலில் ஓடி ஒளிகிற இடம். நீங்களும் சீக்கிரமே அதைக் கண்டுபிடிப்பீர்கள். அஞ்சலை அம்மா விடவில்லை.

"கொஞ்சம் நில்லுங்க சார். நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்கிட்ட கடிகாரம் கெடையாது. ரோட்டுல ஒரு பாண்டி பஸ் போனா, அடுத்த பஸ் வர்றதுக்குள்ள எத்தினி பாத்தி ரொம்புதுன்னு கணக்கு வெச்சிருக்கேன். பூஜை அன்னிக்குப் பன்னெண்டு பாத்தி. இப்ப மத்தியானத்துல ஆறு. சரி, கத்திரிக்கு இது ஒத்துக்கல போலன்னு பார்த்தா, போன வாரம் திருவாமாத்தூர்ல ஒரு கண்ணாலம். மத்தியானம் இருக்க மாட்டேன்னு காலையிலயே ஏழு மணிக்கு மோட்டாரப் போட்டேன். பத்து மணி வரைக்கும் பஸ்ஸுக்குப் பஸ் பதினோரு பாத்தி ரொம்பிக்கினு இருந்துச்சு. மறுநாளு நீங்க சொன்னபடியே பதினோரு மணிக்குப் போட்டா, மறுபடியும் ஆறு. ரெண்டு நாளும் அதே கத்திரிதான், அதே பேனலுதான். அது எப்பிடி சார்?"

நான் பேனலையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"எனக்கு இன்னா தோணுதுன்னா," என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. "இதுவும் நம்ம களை எடுக்குற ஆளுங்க மாதிரிதான் போல. காலையில ஜல்தியா ஜோரா வேல செய்யும். உச்சி வெயிலு வந்தா ஒக்காந்துக்கும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. மோட்டாரோடு ஓடிய என் இருபது வருடமும், பேனலோடு ஓடிய நாலு வருடமும் சேர்ந்து பார்க்காததை, ரோட்டில் போகிற பஸ்ஸை வைத்து இந்த அம்மா பார்த்துவிட்டார்.

கொட்டகைக்குள் நுழைந்தேன். உள்ளே அனல். காற்று வர ஒரு ஓட்டைகூட இல்லை. நான்தான் திருட்டுப் பயத்துக்கு எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லியிருந்தேன். ஆணியில் இருந்த கையேட்டை எடுத்தேன். சந்தனம் காய்ந்து ஏடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்துப் பிரித்துத் தேடினால் ஒரு பக்கத்தில், குங்குமப் பொட்டுக்குப் பக்கத்திலேயே, கொட்டை எழுத்தில் இருந்தது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. சூடு ஏற ஏற, டிகிரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அது கொடுக்கிற கரண்டு குறையும். அதனால் அடியில் காற்றோட்டம் விட்டு மாட்டவும். அடுத்த பக்கத்தில் இன்னொன்று: கன்ட்ரோலர் பெட்டி அளவுக்கு மேல் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டாரின் வேகத்தைத் தானே குறைத்துவிடும். அதை நிழலில், திறந்த இடத்தில் வைக்கவும்.

ஒரு தப்பையும் விட்டுவைக்கவில்லை நான். பேனலைக் கொதிக்கிற தகரத்தோடு ஒட்டவைத்தேன். பெட்டியை அடுப்புக்குள் பூட்டினேன். போதாததற்கு, நல்ல நேரத்தை எல்லாம் விட்டுவிட்டு உச்சி வெயிலில் ஓட்டச் சொன்னேன். தை மாதம் தண்ணீர் பாய்ந்ததற்குக் குளிர்ந்த காற்றும் காரணம். நான் வெயிலை மட்டும் பார்த்துவிட்டு, கத்திரிக்கு அதையே பெருக்கிக் கணக்குப் போட்டுவிட்டேன்.

வெளியே வந்தேன். இப்போது கவனமாகக் கேளுங்கள், இந்த இடத்தில்தான் தொழில் இருக்கிறது. கையேட்டை மூடி வைத்துவிட்டு, "ஒரு சின்ன ஃபால்ட்டும்மா, சரி பண்ணிடலாம்" என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்தது. ஆனால் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தரிசு ஏக்கருக்கும் சேர்த்துப் பார்க்கிற பார்வை அது.

"நான் சொன்னது தப்புங்க," என்றேன். "தை மாசம் சொன்னதும் தப்பு, பதினோரு மணிக்குப் போடச் சொன்னதும் தப்பு, மாட்டினதும் தப்பு. தூசியும் இல்ல, காக்காவும் இல்ல. அம்மா சொன்னதுதான் சரி."

செல்வராசு பல் குத்துவதை நிறுத்தினார். நான் வசவுக்குத் தயாராக நின்றேன். ஆனால் மனுஷன் எழுந்து வந்து, "அப்ப இன்னா பண்ணலாம்? எங்கிட்டச் சவுக்குக் கழி நெறய கெடக்குது. இப்பவே பந்தல் மாதிரி கட்டிப் பேனலத் தூக்கி வெச்சிடலாம். அடியில காத்துப் போவும்ல?" என்றார்.

கூட்டத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒருவர் கயிறு எடுக்க ஓடினார். ஒருவர் ஏணியில் ஏறவே ஆரம்பித்துவிட்டார். பத்து நிமிடத்துக்கு முன்னால் தலைகுனிந்து நின்றவன் நான். 'ஆமாம், கட்டுங்க' என்று சொன்னால் மறுபடியும் ஹீரோ. ஆனால் சித்திரையில் திடீரென்று ஒரு கோடைக்காற்று அடித்தால், கழியில் கட்டிய பேனல் பட்டம் மாதிரி பறக்கும். கீழே ஆள் இருந்தால் கழுத்து போகும். கழி வேண்டாம் என்றேன்.

"இன்னா சார், அதுவும் வேணாங்குறீங்க? பேஜாராப் போச்சு உங்களோட" என்று கூட்டத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார். அந்த வாரம் காற்று அடித்ததா என்று கேட்டால், இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை. கட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதற்காக நான் எடுத்த முடிவு தப்பில்லை. நெருக்கடியில் எல்லோருக்கும் ஏதாவது செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காக ஏணியில் ஏறாதீர்கள்.

செய்யக்கூடியதைச் செய்தேன். கன்ட்ரோலர் பெட்டியைக் கழற்றி, வெளியே வேப்பமர நிழல் விழுகிற வடக்குச் சுவரில் சாயங்காலத்துக்குள் மாட்டினேன். தோலுரிந்த கையோடு மாட்டினேன் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன், கொஞ்சம் அனுதாபப்படுங்கள். மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கே மோட்டார். பன்னிரண்டுக்கு நிறுத்தி, மூன்றுக்கு மறுபடி. ஒரு வாரத்தில் இரும்புச் சட்டம் கொண்டுவந்து, கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுத் தூக்கி மாட்டினோம். பஸ்ஸுக்குப் பஸ் மத்தியானத்திலும் பத்துப் பாத்தி நிரம்பியது. பூஜை நாள் கணக்கு வரவில்லை, கத்திரியில் வராது. ஆனால் மூன்று ஏக்கருக்கும் போதும்.

வைகாசி கடைசியில் மல்லாட்டை பிடுங்குகிற அன்று அஞ்சலை அம்மா எனக்குச் சொல்லி அனுப்பினார். அன்றுதான் தீர்ப்பு நாள். செல்வராசு பழைய தரிசுக்குள் இறங்கி, தனக்குத் தோன்றிய இடத்தில் எல்லாம் செடியைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டே போனார். கொத்துக் கொத்தாகக் காய். ஒன்றை உடைத்தார், இரண்டு பருப்பு, ரோஸ் நிறத்தில் திரண்டு இருந்தது. வாயில் போட்டு மென்றபடி வரப்புக்கு வந்தார்.

"மல்லாட்டயே இருக்கட்டும் அண்ணி," என்றார். "சவுக்க நான் வேற எடத்துல பார்த்துக்குறேன்."

அஞ்சலை அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாக இருக்கும் என்று எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. கொஞ்சம் பழைய திமிர்கூடத் தலை தூக்கியது என்றே சொல்லலாம். "பார்த்தீங்களா, நம்ம பம்பு எப்படி வேல செஞ்சிருக்குதுன்னு!" என்றேன்.

வேப்பமரத்தடியில் அவித்த மல்லாட்டை எல்லோருக்கும் முறத்தில் வந்தது. எனக்கு மட்டும் தனியாக ஒரு தட்டில், குவியலாக. விருந்தாளி மரியாதை என்று நினைத்து முதல் காயை உடைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டாவதை உடைத்தேன். அதுவும் பொக்கு. மூன்றாவது, நாலாவது, எல்லாம் பொக்கு. நிமிர்ந்தால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள்.

"அது கடைசிப் பத்துப் பாத்திக் காய் சார்," என்றார் அஞ்சலை அம்மா. அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை, ஆனால் கண் சிரிக்கவில்லை. "நீங்க போன்ல தூசின்னீங்க, காக்கான்னீங்க, நாளைக்கு வர்றேன்னீங்களே, அந்த நாலு நாளும் அங்க தண்ணி எட்டல. வெயிலு காயவெச்சது இல்ல சார் அது. உங்களுக்குன்னே தனியா எடுத்து வெச்சேன். தின்னு பாருங்க."

தட்டைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் குவியலில் இருந்த அத்தனை காயையும் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பருப்பு இல்லை.